ஒத்த வரிசையும் ஒரு லிட்டர் தண்ணியும்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையன் ரெக்கார்டு நோட்டை விரிச்சு வெச்சு படம் வரைஞ்சுக்கிட்டிருந்தான். பதினொண்ணாம் வகுப்பு, பயாலஜி குரூப். எட்டிப் பார்த்தேன். ஒட்டி ஒட்டி நிக்கிற உயரமான செவ்வகங்கள். ஒவ்வொண்ணுக்குள்ளயும் அடிப்பக்கமா ஒரு முட்டை. கீழ ஒரு நீளக் கோடு. மேல சீப்புப் பல்லு மாதிரி குட்டிக் குட்டியா கோடுகள். நடுவுல ரெண்டு இடத்துல மட்டும் கோப்பை மாதிரி ஒரு உருவம்.

"எளிய தூண் வடிவ எபிதீலியம்"னு கீழ எழுதி ஸ்கேல் வெச்சு அடிக்கோடு போட்டான்.

"இதுல என்னப்பா இருக்கு? ஒரே வரிசை செங்கல். ரெண்டு மார்க்"ன்னான்.

எனக்குச் சட்டுன்னு பதில் வரல. 2011 ஜனவரியில இந்த ஒரே வரிசைச் செங்கல் கொஞ்சம் உதிர்ந்து போய், மேற்படி ஆசாமி பதினேழு மாசக் குழந்தையா என் தோள்ல துவண்டு கிடந்தது ஞாபகம் வந்துடுச்சு. அதுல என் பங்கு என்னங்கறதும் சேர்ந்து வந்துடுச்சு. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்லை. கொசுவத்தி சுத்தப் போறேன் மக்களே, பொறுத்துக்குங்க. நடுநடுவுல ஜுவாலஜி கிளாஸும் எடுப்பேன். பி.எஸ்ஸி. முடிச்சுட்டு அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கறவனுக்கு கிளாஸ் எடுக்க இந்த வலைப்பூவை விட்டா வேற இடம் ஏது :-)

முதல்ல அந்தச் செங்கல்.

1993-லேர்ந்து 96 வரை மதுரையில ஒரு காலேஜ்ல ஜுவாலஜி படிச்சேன். பிராக்டிகல் பரீட்சையில ஸ்பாட்டர்னு ஒண்ணு வைப்பாங்க. வரிசையா மைக்ராஸ்கோப், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்லைடு. ஒரு மேசைக்கு ரெண்டு நிமிஷம், மணி அடிச்சா அடுத்த மேசை. சிறுகுடல் ஸ்லைடு வந்தா எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம், ஏன்னா கண்டுபிடிக்கறது சுலபம். ஹெமடாக்ஸிலின், ஈயோசின்னு ரெண்டு சாயம் போட்டிருப்பாங்க. செல்லோட உடம்பு ரோஸ், உட்கரு கத்தரிப்பூ கலர். அந்தக் கத்தரிப்பூ புள்ளிகள் எல்லாம் ஒரே மட்டத்துல, பந்தியில இலை போட்ட மாதிரி வரிசையா இருந்தா அது எளிய தூண் வடிவம். புள்ளிகள் மேலயும் கீழயுமா குழம்பிக் கிடந்தா அது வேற, மூச்சுக்குழாய்ல இருக்கறது. நடுவுல ஓட்டை ஓட்டையா வெள்ளையா தெரிஞ்சா அது கோப்பைச் செல். கோழையைச் சுரக்கிற செல். அந்தக் கோழை இந்தச் சாயத்தை சரியாப் பிடிக்காது, அதான் காலியாத் தெரியும். எழுதினேன், மார்க் வாங்கினேன், மறந்தேன்.

அப்ப யாரும் ஒரு கேள்வி கேக்கல, நானும் கேக்கல. ஏன் தூண்? ஏன் ஒத்த வரிசை?

தோலைப் பாருங்க, அடுக்கடுக்கா செல்கள். உரசல் தாங்கணும்ல. வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் அதே கதைதான், தட்டையான செல்கள் பல அடுக்கு. உணவுக்குழாய் முடிஞ்சு இரைப்பை ஆரம்பிக்கிற இடத்துல, ஏதோ ரோட்டுல தார் முடிஞ்சு கான்கிரீட் ஆரம்பிக்கிற மாதிரி, அடுக்கு முடிஞ்சு ஒத்த வரிசை ஆரம்பிக்குது. அங்கேர்ந்து கடைசி வரைக்கும், ஆசனவாய்க்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும், ஒரே ஒரு செல் கனம்தான். பித்தப்பையிலயும் இதே. கருக்குழாய்லயும் இதே, அங்க மட்டும் சில செல்களுக்கு ஆடுற மயிர் முளைச்சிருக்கும், முட்டையைத் தள்ளிவிட.

ஒரு செல்லோட உயரம் சுமாரா ஒரு மில்லிமீட்டர்ல நாப்பதுல ஒரு பங்கு. நீங்க சாப்பிட்ட சாம்பார் சாதத்துக்கும் உங்க ரத்தத்துக்கும் நடுவுல நிக்கறது அவ்ளோதான். இந்தப் பக்கம் சோறும் கோடிக்கணக்கான கிருமியும், அந்தப் பக்கம் நீங்க.

வடிகட்டணும்னா மட்டும் தட்டை செல்லே போதும். நுரையீரல்ல காத்து தானா கசிஞ்சு போற இடத்துல அப்படித்தான் இருக்கு, மெல்லிசா, அப்பளம் மாதிரி. ஆனா குடல்ல பொறுக்கி எடுக்கணும். இது வேணும், இது வேணாம், இதைப் பாதியா உடைச்சு உள்ள விடுன்னு. அதுக்கு உள்ள மெஷின் எல்லாம் வைக்க இடம் வேணும். அதான் உயரம். இன்னொண்ணு, இந்த செல்லுக்கு முன்வாசல் வேற, கொல்லைவாசல் வேற. மேல்பக்கம் சீப்புப் பல்லு மாதிரி பையன் வரைஞ்சானே, அது நுண்விரல்கள். ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்குல. அங்க இருக்கிற கதவுகள் வேற. கீழ்ப்பக்கம், ரத்தத்தைப் பார்த்த பக்கம், அங்க இருக்கிற கதவுகள் வேற. பக்கத்து செல்லோட தோளோட தோள் ஒட்டிக்கிட்டு நிக்கும், அந்த ஒட்டுதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்கிற வேலி.

எங்க வாத்தியார் சிறுகுடலை விரிச்சா ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு வரும்பார். ரொம்ப நாளா நானும் அதையே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். 2014-ல ஸ்வீடன்காரங்க திரும்ப அளந்து, மொத்த உணவுப்பாதையும் சேர்த்தே 32 சதுர மீட்டர்தான், பாதி பேட்மின்டன் கோர்ட்டுக்கும் குறைவுன்னுட்டாங்க. வாத்தியார் மன்னிக்கணும்.

அதை விட என்னை மிரட்டின கணக்கு இன்னொண்ணு. ஒரு நாளைக்கு நாம குடிக்கிறது, சாப்பாட்டுல போறது எல்லாம் சேர்த்து சுமாரா 2 லிட்டர். ஆனா சிறுகுடலுக்குள்ள வந்து சேர்றது 8, 9 லிட்டர். மிச்சம் எங்கேர்ந்து? எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கிறது, எல்லாம் நம்ம உடம்பு தன் ரத்தத்துலேர்ந்து எடுத்து ஊத்தறது. சோத்தைக் கரைக்க கடன் குடுக்கிற தண்ணி. அவ்வளவையும் இந்த ஒத்த வரிசை திரும்ப வசூல் பண்ணி உள்ள அனுப்பிடும். வெளில போறது 200 மில்லி கூட இருக்காது. அக்கவுண்ட்ஸ்காரன் பாஷையில சொன்னா, இந்த வசூல் ரெண்டு நாள் படுத்துச்சுன்னா கம்பெனி திவால். பெரிய உடம்புன்னா தாங்கும். பத்து கிலோ குழந்தை தாங்காது.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

2011 பொங்கல். மாட்டுப்பொங்கல் அன்னைக்கு நம்ம வாண்டுக்கு வாந்தி ஆரம்பிச்சுது. மறுநாள் காணும் பொங்கல், காலையிலேர்ந்து தண்ணியா பேதி. தெரிஞ்ச டாக்டர்கள் எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல காட்டினோம். "வைரல்தான் சார், இந்த சீசன்ல குழந்தைங்களுக்கு இது வரும். நாலஞ்சு நாள் இருக்கும். நிறுத்தறதுக்கு மருந்து தர மாட்டேன், தரவும் கூடாது. தண்ணிச்சத்து போகாம மட்டும் பார்த்துக்குங்க"ன்னு சொல்லி ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எழுதிக் குடுத்தார்.

எனக்கு அந்த டாக்டர் மேல கோவம். இதென்ன மருந்தே தராம அனுப்பறார்? தங்கமணிக்கும் அதே. "என்னங்க, வேற டாக்டர் பாக்கலாமா"ன்னு ரெண்டு தடவை கேட்டா. அவர் சொன்னது அத்தனையும் சரின்னு எனக்குப் புரிய நாலு நாள் ஆச்சு.

ராத்திரி நான்தான் ஓ.ஆர்.எஸ். கலந்தேன். வீட்டுல ஜுவாலஜி படிச்சவன் நான் ஒருத்தன்தானே. என்ன பண்ணினேன்னு சொல்றேன். ஒரு பெரிய பாக்கெட்டை வெட்டி, அதுல பாதியை ஒரு டம்ளர் தண்ணியில போட்டுக் கலக்கினேன். மீதியை ரப்பர் பேண்டு போட்டு வெச்சேன். ஏன் அப்படிப் பண்ணேன்? ஆபீஸ்ல ஒரு தடவை எனக்கு வயித்தாலே போனப்ப பக்கத்து சீட்டுக்காரர் ஒரு குட்டி பாக்கெட்டைப் பிரிச்சு ஒரு டம்ளர்ல கலந்து குடுத்தார். அது 200 மில்லிக்குன்னே வர்ற பாக்கெட். இது ஒரு லிட்டருக்கானது. பாக்கெட் மேலேயே போட்டிருந்துச்சு. நான் படிக்கல. "ஒரு டம்ளருக்கு ஒரு பாக்கெட், குழந்தைக்குப் பாதி போதும்"னு என் கணக்கு.

அம்மா அப்பவும் இப்பவும் எங்ககூடத்தான் இருக்காங்க. ஸ்பூன்ல ஒரு சொட்டு எடுத்து நாக்குல வெச்சுப் பார்த்தாங்க.

"என்னடா தம்பி, இப்பிடிக் கரிக்குது?"

"மருந்துன்னா அப்பிடித்தாம்மா இருக்கும்."

"இன்னங் கொஞ்சம் தண்ணிய ஊத்துடா. பிள்ளை நாக்கைப் பாரு, வறண்டு கெடக்கு."

"அம்மா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க."

இந்தக் கடைசி வரியை எழுதும்போது இப்பவும் கை கூசுது.

குடிச்சான். வெறி பிடிச்ச மாதிரி குடிச்சான். குடிக்கக் குடிக்க தாகம் ஏறிச்சு. பேதி முன்னைவிட அதிகமாச்சு. நான் இன்னொரு டம்ளர் கலந்தேன், அதே மாதிரி. விடிகாலை நாலு மணிக்கு அழுகையே நின்னு போச்சு. அது நல்லதுக்கில்லைன்னு அம்மாதான் முதல்ல சொன்னாங்க. ஆட்டோ பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்க இருந்த ஒரு வயசான சிஸ்டர் ட்ரிப் போட நரம்பு தேடிக்கிட்டே, தலையை நிமிர்த்தாம கேட்டாங்க. "ஓ.ஆர்.எஸ். எவ்வளவு தண்ணில சார் கலந்தீங்க?"

சொன்னேன். அவங்க திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். "பாக்கெட்ல பாதியா? ஒரு டம்ளர்லயா?"ன்னு கேட்டுட்டு, போய் டாக்டர்கிட்ட மெதுவா ஏதோ சொன்னாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. உப்பு ஏறியிருந்துச்சு. "மெதுவாத்தான் இறக்கணும், வேகமா இறக்கினா மூளை வீங்கும்"னார் டாக்டர். ரெண்டு ராத்திரி ஒரு நாள் அந்த ட்ரிப் சொட்டு விழறதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

சிஸ்டர் அப்புறம் எனக்கு விளக்கினாங்க. "மாங்காயில உப்பைப் போட்டு வெச்சா மறுநாள் என்ன சார் ஆகும்? தண்ணி விட்டு நிக்கும்ல? அதேதான். குடலுக்குள்ள உப்பும் சர்க்கரையும் கெட்டியாப் போனா, உடம்புலேர்ந்து தண்ணியை அது உறிஞ்சி வெளில இழுத்துரும்." கலந்த தண்ணி நம்ம கண்ணீர் அளவுக்குத்தான் கரிக்கலாம், அதுக்கு மேல கரிச்சா தப்புன்னும் சொன்னாங்க. அம்மா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் பேசல.

இப்ப மறுபடியும் கிளாஸ், கொஞ்ச நேரம்தான். ஏன்னா இந்த விஷயத்தை நான் அந்த ட்ரிப் பாட்டிலுக்குக் கீழ உக்காந்து யோசிச்சு, அப்புறம் வருஷக்கணக்கா தேடித் தேடிப் படிச்சேன்.

ரோட்டா வைரஸ்தான் அவனுக்கு வந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். 1973-ல மெல்போர்ன்ல ரூத் பிஷப்னு ஒரு அம்மாவும் அவங்க குழுவும் வயித்துப்போக்கு வந்த குழந்தைகளோட குடல்லேர்ந்து துளி சதை எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தப்ப, இந்தத் தூண் செல்களுக்குள்ளதான் அதைக் கண்டுபிடிச்சாங்க. இந்த வைரஸ் குடல் விரல்களோட நுனியில நிக்கிற வயசான, வேலை தெரிஞ்ச செல்களைத்தான் தாக்கும். அதுங்க உதிர்ந்துடும். அடிக்குழியில தாய் செல்கள் இருக்கு, அங்கேர்ந்து புதுசு பிறந்து, படி ஏறுற மாதிரி ஏறி நுனிக்கு வரணும். நோய் இல்லாத காலத்துலயும் இது நடந்துக்கிட்டேதான் இருக்கு. மூணுலேர்ந்து அஞ்சு நாளைக்கு ஒரு தடவை மொத்த வரிசையும் புதுசாயிடும். போன வாரம் உங்க குடல்ல இருந்த வரிசை இன்னைக்கு இல்ல. அந்த டாக்டர் நாலஞ்சு நாள்னு சொன்னது இந்தக் கணக்குதான். அதை எந்த மாத்திரையாலயும் அவசரப்படுத்த முடியாது. அந்த நாலஞ்சு நாள் குழந்தையை உயிரோட கொண்டு போய்ச் சேர்க்கறதுதான் வைத்தியம்.

அந்தப் பாலம்தான் ஓ.ஆர்.எஸ். அது பேதியை நிறுத்தாது. அங்கதான் எல்லாரும் ஏமாறுறோம்.

காலராவை வெச்சுத்தான் இது புரிஞ்சுது. காலராவுல குடலோட உள்வரிசையே உரிஞ்சு போயிடுதுன்னு ரொம்ப காலமா நம்பினாங்க. உரிஞ்சு போனா வாயில எது குடுத்தும் பிரயோஜனம் இல்லைதானே? 1959-ல கல்கத்தாவுல சம்புநாத் டே, முயல் குடலை வெச்சு, இது கிருமி கக்கற நஞ்சோட வேலைன்னு காட்டினார். அடுத்த வருஷமே பாங்காக்ல காலரா நோயாளிகளோட குடல்லேர்ந்து துளி எடுத்துப் பார்த்த கங்கரோசாங்கற அமெரிக்கர், அந்தத் தூண் வரிசை அப்படியே முழுசா நிக்குதுன்னு எழுதினார். உரியவே இல்ல! நஞ்சு என்ன பண்ணுதுன்னா, செல்லோட முன்வாசல்ல இருக்கிற குளோரைடு குழாயைத் திறந்து விட்டுட்டு மூட விடாம பண்ணுது. குளோரைடு வெளில கொட்டுது, சோடியம் பின்னால போகுது, தண்ணி அதுக்குப் பின்னால. கடுமையா வந்தவங்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகும்.

ஆனா அதே முன்வாசல்ல இன்னொரு கதவு இருக்கு. அதை அந்த நஞ்சு தொடறதே இல்ல. அந்தக் கதவுக்கு ஒரு விசித்திரமான கண்டிஷன். குளுக்கோஸ் தனியா வந்தா உள்ள விடாது. சோடியம் தனியா வந்தாலும் விடாது. ரெண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ், கைகோத்து வந்தாத்தான் திறக்கும். 1960 ஆகஸ்ட்ல பிராக் நகரத்துல நடந்த ஒரு கூட்டத்துல ராபர்ட் கிரேன்னு ஒருத்தர் இப்படி ஒரு ஜோடிக்கதவு இருக்குன்னு படம் போட்டுச் சொன்னார். உள்ள வந்த சோடியத்தைக் கொல்லைவாசல் பக்கம் இருக்கிற பம்பு ரத்தப் பக்கமாத் தள்ளிடும். குளுக்கோஸ் அதே பக்கம் வேற கதவு வழியாப் போயிடும். ரெண்டும் போன பின்னாடி தண்ணி தானாப் போகும். யாரும் தள்ள வேண்டாம்.

அதனாலதான் வெறும் தண்ணி பத்தாது, வெறும் உப்பும் பத்தாது. சர்க்கரை ருசிக்காகன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அது சாவி. இன்னைக்குக் கிடைக்கிற பாக்கெட்ல சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்குச் சரிக்குச் சமம், 75, 75. 2002-ல உலக சுகாதார நிறுவனம் அளவைக் குறைச்சு மாத்தினது. அதுக்கு முன்னாடி இன்னும் கெட்டியா இருந்துச்சு. அவங்களே வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு நீர்க்க வெச்ச ஒண்ணை நான் ரெண்டரை மடங்கு கெட்டியாக்கிக் குடுத்திருக்கேன்.

ரோட்டாவுல சில இடத்துலதான் செல் உதிரும், மத்த இடம் நிக்கும். நிக்கிற இடத்துல அந்த ஜோடிக்கதவு வேலை செய்யும். அதான் அதுக்கும் இதே தண்ணி.

1968-ல டாக்காவுல டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு இளவட்ட டாக்டர்கள் காலரா நோயாளிகளுக்கு இதை வாய் வழியாக் குடுத்து, ட்ரிப் தேவையை வெகுவாக் குறைக்கலாம்னு காட்டினாங்க. ஆனா பெரிய டாக்டர்களுக்கு நம்பிக்கை வரல. அப்புறம் 1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி லட்சக்கணக்குல அகதிகள். மேற்கு வங்கத்துல பொன்காவ்ங்கற ஊர்ல ரெண்டு வார்டு நிறைய காலரா, தரையெல்லாம் பேதியும் வாந்தியும். திலீப் மஹாலனபிஸ்ங்கற குழந்தை டாக்டர் அங்க போனப்ப ட்ரிப் பாட்டில் தீர்ந்துக்கிட்டே வந்துச்சு. வேற வழியில்ல. குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம், இதை ஒரு லிட்டருக்குன்னு அளந்து, கல்கத்தாவுல பிளாஸ்டிக் பைல போட்டு சூடு பண்ணி ஒட்டி, வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. டிரம்ல தண்ணி ஊத்திக் கலந்து, கூட வந்த சொந்தக்காரங்க கையிலயே டம்ளரைக் குடுத்துட்டாங்க. நீங்களே குடுங்கன்னு. செத்துப் போறவங்க நூத்துக்கு முப்பதுன்னு இருந்த இடத்துல, இந்தத் தண்ணி குடிச்சவங்கள்ல நூத்துக்கு 3.6-ஆ இறங்குச்சு. 1978-ல லான்செட் பத்திரிகை, அந்த நூற்றாண்டோட மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இது இருக்கலாம்னு எழுதுச்சு. மஹாலனபிஸ் 2022 அக்டோபர்ல காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. அவரு இருக்கும்போதே குடுத்திருக்கலாம், ம்ம்.

எனக்குப் பிடிச்ச வரி, சொந்தக்காரங்க கையில டம்ளரைக் குடுத்ததுதான். எனக்கு பயம் தர்ற வரியும் அதுதான்.

ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாள் சாயங்காலம். ட்ரிப் குறைச்சு, சரியாக் கலந்த ஓ.ஆர்.எஸ்.ஸை ஸ்பூன்ல ஆரம்பிச்சாங்க. நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் நிறுத்தி மறுபடி. அம்மாதான் குடுத்தாங்க. வேற யாரையும் விடல. தங்கமணி அசந்து தூங்கிட்டா. ஸ்பூன் குடுத்துக்கிட்டே அம்மா பேச ஆரம்பிச்சாங்க, என்னைப் பாக்காம.

எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தான்னு எனக்குத் தெரியும். எப்படிப் போனான்னு தெரியாது. கேட்டா "சீக்கு"ன்னு மட்டும் சொல்வாங்க.

1974. மானாமதுரை பக்கம் எங்க கிராமம். அவனுக்குப் பதினோரு மாசம். இதே மாதிரிதான், தண்ணியாப் போயிருக்கு. அப்பத்தா சொல்லியிருக்காங்க, "தண்ணி குடுக்காத. வயித்துல நிக்கல, ஊத்த ஊத்தப் போகத்தான செய்யும்." பார்த்தா அது சரிதானேன்னு தோணும். ஓட்டைக் குடத்துல ஏன் ஊத்தணும்? தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்லிட்டாங்களாம். அம்மாவுக்கு அப்ப இருபத்தொரு வயசு. பிள்ளை நாக்கை நீட்டி நீட்டி ஈரத்துணியை நக்கியிருக்கான். ராத்திரி யாருக்கும் தெரியாம சேலை முந்தியை நனைச்சு அவன் வாயில பிழிஞ்சிருக்காங்க. விடிஞ்சதும் அது தெரிஞ்சு ஏச்சு. மூணாம் நாள் போயிட்டான்.

"அவுகளும் நாலு பிள்ளையப் பறிகுடுத்தவுக தம்பி. வேணும்னா செஞ்சாக? அவுகளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்"னாங்க.

பொன்காவ்ல டிரம் டிரம்மா கலந்து குடுத்து மூணு வருஷம் ஆயிருந்துச்சு அப்ப. எங்க ஊருக்கு வந்து சேரல. அப்பத்தாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாக்கெட்ல தமிழ்லயே போட்டிருந்துச்சு.

"அம்மா, நேத்து நான் உங்களை..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அந்தத் துண்டை எடு, வாயைத் தொடைக்கணும்"னாங்க.

அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ். அவன் குடல்ல புது வரிசை ஏறி வந்துடுச்சு போல, வீட்டுக்கு வந்ததும் இட்லி கேட்டான். வந்த அன்னைக்கே அம்மா என்னைக் கடைக்கு அனுப்பி ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அதை அப்படியே எவர்சில்வர் தூக்குவாளியில ஊத்தி, தண்ணி நின்ன மட்டத்துல ஆணியால ஒரு கோடு கிழிச்சாங்க. அதுல பால் வாங்கக் கூடாது, மோர் ஊத்தக் கூடாது, எதுக்கும் எடுக்கக் கூடாது. இன்னைக்கும் சமையக்கட்டு மேல் தட்டுல கவுத்தித்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு வந்தாக்கூட அந்தத் தூக்குதான் போகும், கூடவே அம்மாவும் போவாங்க.

இதெல்லாம் பையன்கிட்ட சொல்லி முடிக்கறதுக்குள்ள ராத்திரி ஒன்பது மணி ஆயிடுச்சு. அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் ரோஸ் பென்சில் எடுத்து செங்கலுக்கெல்லாம் வண்ணம் போட ஆரம்பிச்சான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து நோட்டைப் பார்த்தாங்க.

"என்ன ராசா இது, பல்லு வரிசையா?"

"இல்ல அப்பத்தா. குடல். உள்பக்கம்."

"இதுல எங்க தண்ணி ஏறுது?"

அவன் சீப்புப் பல்லுப் பக்கம் பென்சிலை வெச்சுக் காட்டினான். அம்மா குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

பி.கு: ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையா ஒரு லிட்டர்ல கரைங்க. கலந்தது 24 மணி நேரத்துக்கு, மிச்சத்தைக் கொட்டிடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. குழந்தை சோர்ந்து போனா, குடிக்க முடியாம போனா, மலத்துல ரத்தம் வந்தா வீட்டுல உக்காந்து கலந்துக்கிட்டிருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அட்டைப்பெட்டியில இனிப்பா வர்ற பானங்கள் இதுக்கு ஈடு இல்ல. அதுங்க மேல ஓ.ஆர்.எஸ்.னு போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டுடுச்சு. ரோட்டாவுக்கு சொட்டு மருந்து 2016-லேர்ந்து படிப்படியா அரசுத் தடுப்பூசித் திட்டத்துல சேர்ந்து, இப்ப இலவசமா குடுக்கறாங்க. என் பையன் குழந்தையா இருந்தப்ப அது பட்டியல்ல இல்ல.